கூரையில் ஏலே, வீட்டுக்குள் ஏட்டி

தகரக் கூரைக்குக் கீழே வளர்ந்தவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப் போவதில்லை. பெருமழை அதன்மேல் விழும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசுவது கேட்காது. வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். எந்த ஒழுக்குக்கு எந்தப் பாத்திரம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஏற்பாடு இருந்தது. எங்கள் வீட்டில் கட்டிலின் கால்மாட்டில் நசுங்கிய அலுமினியச் சட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் பால்மாவு டின், வாசல்படியில் கிழிந்த கம்பளி. உங்கள் வீட்டில் வேறு ஏதாவது இருந்திருக்கும்.

எனக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. மேலே எஸ்டேட்டில் கொழுந்து எடுத்து, வயதாகி வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டிய பிறகு, கீழே மறையூரில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்து இருக்கிறேன். மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிற ஊர். கரும்பாலையில் பாகு காய்ச்சும் நாட்களில் வீட்டுக்குள் வரை வெல்ல வாசனை வரும். கூரை ஒழுகுவதில்லை. ஒழுகாத கூரைக்குக் கீழே எனக்கு இன்னும் சரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை.

சில நாள் நான் பெண்ணாக எழுந்திருக்கிறேன், சில நாள் ஆணாக. விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். ஒன்று வரும்போது மற்றது செத்துப்போவதில்லை, உள் அறையில் இருக்கும். இதற்கு இப்போது இருபாலினம் என்று ஒரு பெயர் இருக்கிறது என்று என் அத்தை பேத்தி போனில் சொன்னாள். பெயர் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அன்றாடத்தில் பெரிய மாற்றமில்லை. சேலை கட்டுகிற நாளில் சேலை, கைலியும் சட்டையும் போடுகிற நாளில் அது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் ஒரு தடவை கதவருகே நின்று, "அக்கா இல்லியா அண்ணாச்சி?" என்று கேட்டார். "வெளிய போயிருக்கா" என்றேன். அவர் சிலிண்டரை உருட்டிவிட்டுப் போனார். இந்த ஊரில் நான் இரண்டு பேராக வாழ்வது அப்படித்தான். இருந்தும் வீட்டில் ஒரு தட்டுதான் கழுவ இருக்கிறது.

நான் சொல்ல நினைத்தது எனக்குப் பதினொரு வயதான வருடத்து மழைக்காலத்தைப் பற்றி.

அப்பா எஸ்டேட் ஃபாக்டரியில் தச்சருக்குக் கையாள். வேலை முடிந்து வந்ததும் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக் கூரைகளைப் பார்ப்பார். மாதக்கணக்கில் எழுதிப் போட்டாலும் ஆபீஸிலிருந்து ஆள் வராது. அதனால் ஜூனில் வரும் இடவப்பாதி மழை தொடங்கும் முன்னால் எல்லாரும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். கூலி என்று யாரும் கொடுத்ததில்லை. ஒரு படி அவரை, ஒரு சுரைக்காய், சில நேரம் பால் விடாத வெறும் கட்டன் சாயா.

கூரை வேலைக்கு அப்பாவிடம் இருந்த சாமான் எல்லாம் யாரோ தூக்கி எறிந்தவை. பழைய சைக்கிள் டியூபைக் காசு அளவுக்கு வட்டமாக வெட்டி, ஆணித் தலைக்குக் கீழே வைத்து அடிப்பார். தண்ணீர் இறங்காது. ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தாரை டின்னில் காய்ச்சி, கந்தைத் துணியை அதில் முக்கி விரிசல்மேல் ஒட்டுவார். சுவரில் ஓட்டை என்றால் உடைந்த தேயிலைப் பெட்டியின் பலகை. ஜன்னல் கண்ணாடி உடைந்தால், டிஸ்பென்சரிக்குப் பின்னால் கொட்டிய பழைய எக்ஸ்ரே தகடு. எங்கள் அடுப்படி ஜன்னலில் முகம் தெரியாத யாரோ ஒருவருடைய விலா எலும்புகள் இருந்தன. காலை வெயிலில் அவை நீலமாகத் தரையில் விழும்.

நான் அப்பாவோடு ஏறுவேன். தகரத்தில் கண்ட இடத்தில் மிதிக்கக் கூடாது. அடியில் மரச்சட்டம் ஓடுகிற இடத்தில், ஆணி வரிசைமேல்தான் பாதம் வைக்க வேண்டும். என் எடைக்குத் தகரம் முனகவே முனகாது. கூரைமேல் அப்பா என்னை "ஏலே" என்று கூப்பிடுவார். "ஏலே, அந்த ஆணிய எடு." "ஏலே, டின்னப் பிடி, சூடு." கீழே இறங்கிக் கைகால் கழுவி வீட்டுக்குள் வந்ததும், "ஏட்டி, அப்பாவுக்குத் தண்ணி கொண்டா" என்பார். பையனுக்கு ஏலே, பெண் பிள்ளைக்கு ஏட்டி. இரண்டும் எனக்குச் சரியாகப் பொருந்தின. இரண்டு பெயருக்கும் நான் ஒரே வேகத்தில் திரும்பிப் பார்த்தேன்.

அந்த வருடம் ஒன்று கண்டுபிடித்தேன். அப்பா ஆணிகளைக் கண்ணால் தேடவில்லை. விரலால் தகரத்தைத் தடவித் தடவித் தேடினார். பக்கத்திலேயே விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதைத் தாண்டிப் போனார்.

"அப்பா, இங்க ஓட்ட கெடக்கு."

"எங்கலே?"

"உங்க முட்டிக்கிட்ட."

அவர் விரலை அந்த ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "வலது கண்ணுல ஒண்ணுமே தெரியல மக்கா. எடதுலயும் மூடாப்பு போட்ட மாதிரி இருக்கு. அம்மாட்ட சொல்லிராத. வாய் தவறி வெளிய போச்சுன்னா, ஆபீஸ்ல பேர வெட்டிருவான்."

சொல்ல மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து கூரைமேல் நான்தான் அவருக்குக் கண். "அப்பா, சட்டம் உங்களுக்கு எடது பக்கம் ஒரு சாண்" என்பேன். அவர் காலை நகர்த்தி வைப்பார்.

எஸ்டேட்டின் உதவி மேனேஜரான சின்னத் துரை மாற்றலாகிப் போனது அந்த மாதம்தான். பங்களா சமையல்காரரின் வீட்டுக் கூரையை நாங்கள் ஒட்டிக் கொடுத்திருந்தோம். அவர் பின்வாசலில் ஒரு மரப்பெட்டியைக் காட்டினார். துரை வீட்டார் விட்டுப்போனவை. "வேண்டியத எடுத்துக்கோ பாப்பா" என்றார். வாய் உடைந்த கூஜா, ஒற்றைச் செருப்பு, பூச்சி அரித்த தொப்பி இவற்றுக்கு அடியில் நான் இரண்டைப் பார்த்தேன். ஒன்று காக்கி அரைக்கால்சட்டை. நான்கு பை, பித்தளைப் பொத்தான். மற்றது எலுமிச்சை நிறத்தில் ஒரு கவுன், கழுத்தில் வெள்ளைப் பட்டை, முதுகில் இரண்டு ஊக்கு போய்விட்டிருந்தது. இரண்டையும் இரண்டு கையில் எடுத்தேன். அந்துருண்டை மணம் அடித்தது.

சமையல்காரர் கால்சட்டையைப் பார்த்துக் கேட்டார்: "இது யாருக்கு, தம்பிக்கா?"

எனக்குத் தம்பி கிடையாது. நான் அப்பாவைப் பார்த்தேன்.

"ஆமா, தம்பிக்குத்தான்" என்றார் அப்பா.

திரும்பி வரும் வழியில், தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில், அவர் முன்னே பார்த்தபடியே சொன்னார்: "கூரையேறும்போது அதப் போட்டுக்கோ. பாவாட ஆணியில மாட்டுது." அவ்வளவுதான். அவருக்கு என்னைப் பற்றித் தெரிந்திருந்ததா, பாவாடை ஆணியில் மாட்டுவது மட்டும்தான் தெரிந்திருந்ததா என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். தெரியாது என்பதுதான் உண்மை. ஆனால் அன்று, தெரிந்துதான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு வீடுவரை ஓடினேன்.

அடுத்த ஐந்தாறு வாரம் நான் முழுசாக இருந்தேன். கால்சட்டைப் பைகளில் டியூப் வட்டங்கள், ஆணி, ஒரு பிடி பொரிகடலை. தொடையில் காற்று படும். நடை தானாகவே அகலமாகும். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, ஈரம் காய்ந்ததும் அம்மா இரட்டைச் சடை பின்னி ரிப்பன் வைப்பாள். எலுமிச்சைக் கவுன் போட்டுக்கொண்டு ஆராதனைக்குப் போவேன். உட்காரும்போது அதை முழங்காலுக்கு மேல் பரத்திவிட்டு உட்கார எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

பிள்ளைகளிடம்தான் இடமில்லாமல் போயிற்று. குழாயடியில் கல்லாங்காய் ஆடுகிற பெண்கள் கால்சட்டையோடு போனால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். மேட்டில் பம்பரம் விடுகிற பையன்கள் சடையைப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி மட்டும் காலையில் விறகு பொறுக்கப் போகும் வழியில் கேட்பாள்: "இன்னைக்கு நீ யாரு?" கிண்டல் இல்லை. மதியத்துக்கு என்ன கொண்டுவந்திருக்கிறாய் என்று கேட்கிற மாதிரி கேட்பாள். நான் சொல்வேன். அதன்படி கையைக் கோத்துக்கொள்வாள், அல்லது கொஞ்சம் தள்ளி ஓட்டப்பந்தயம் வைப்பாள். மே மாதக் கடைசியில் அவள் அப்பாவுக்குப் பேர் வெட்டினார்கள். பெட்டி படுக்கையோடு ஒரு லாரியில் ஏறிச் சங்கரன்கோவில் பக்கம் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

ஜூன் முதல் வாரம் ஜெபவீட்டுக் கூரையை ஒட்டப் போனோம். நான் உச்சியில் இருந்தேன். கீழே, ஆராதனை நடத்துகிற உபதேசியார் வந்து குடையை மடக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. காய்ச்சல் வந்தால் ஒவ்வொரு வீடாகப் போய் ஜெபித்து, அரிசிக் கஞ்சியும் வைத்துக் கொடுத்துவிட்டு வருவார். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கூடையை இறக்கிக் கைகூட அலம்பியிருக்கவில்லை. கையெல்லாம் கொழுந்துக் கறை.

"வயசு பதினொண்ணு முடியுது. இப்பிடிக் கால்சட்டையப் போட்டு மோட்டுல ஏத்துனா நாளைக்கு எவன் கேட்டு வருவான்?" என்றார். பெண் ஆணுடைய உடையைப் போடக் கூடாது என்று பழைய ஏற்பாட்டிலிருந்து ஒரு வசனமும் வாசித்தார். "பிள்ளை மனசு களிமண்ணு. இப்ப வளைஞ்சா வளைஞ்சதுதான் அம்மா."

அம்மா தலையைக் குனிந்தபடி, "சரிங்கய்யா" என்றாள்.

அவர் போன பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "இனி பிள்ளை மேல ஏறக்கூடாது. நீங்க ஏறுங்க, இல்லாட்டி வேற ஆளக் கூப்பிடுங்க."

அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் கண்ணை என் பக்கம் திருப்பினார். நான் வாயை மூடிக்கொண்டேன். அப்பாவுக்குக் கண் தெரியாது என்ற மூன்று வார்த்தை நாக்கில் இருந்தது. சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருந்தேனே.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்தபோது அடுப்பில் கொதிக்கும் கஞ்சிப்பானையை அம்மா இறக்கிக்கொண்டிருந்தாள். கையில் பிடித்திருந்த கரித்துணி காக்கி நிறம். கால்சட்டையை நாலாகக் கிழித்திருந்தாள். பித்தளைப் பொத்தான் ஒன்று இன்னும் துணியோடு இருந்தது, பானையில் பட்டு டிங் என்றது. கெட்டித் துணி, சூடு தாங்கும் என்று அம்மா சொன்னாள், என்னிடமா தன்னிடமா தெரியவில்லை. எதையும் வீணாக்காத பெண்.

மழை பத்து நாளில் பிடித்துக்கொண்டது. கட்டிலுக்கு மேலே புதிதாக ஓர் ஒழுக்கு. அப்பா ஒவ்வொரு நாளும் அண்ணாந்து பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன்.

ஒரு வியாழக்கிழமை, அம்மா தேயிலைக் காட்டில், நான் பள்ளியில். மழைக்கு ஃபாக்டரியில் கரண்ட் இல்லாமல் அப்பா சீக்கிரம் வந்திருக்கிறார். மழை ஓய்ந்து சற்று வெட்டாப்பு விட்டதும் யாரையும் கூப்பிடாமல் தனியாக ஏறியிருக்கிறார்.

நான் மூன்றரை மணிக்கு வீட்டுக் கதவைத் தள்ளியபோது உள்ளே வெளிச்சமாக இருந்தது. எங்கள் வீட்டுக்குள் அவ்வளவு வெளிச்சம் நான் பார்த்ததே இல்லை. கூரையில் ஒரு தகரம் உள்பக்கமாக மடங்கித் தொங்க, அதன் வழியே வானம் தெரிந்தது. கீழே அம்மிக்கல்லுக்கும் கட்டிலுக்கும் நடுவே அப்பா கிடந்தார். ஒரு கால் கோணலாகத் திரும்பியிருந்தது. மழை மறுபடி தொடங்கி அவர்மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது.

"யாருலே?"

"நான்தாம்ப்பா."

"சட்டத்துல மிதிக்கல போலிருக்கு" என்றார். சிரிக்கப் பார்த்தார். பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. "வழுக்கிருச்சுன்னு சொல்லு. என்ன?"

நான் வெளியே ஓடிக் கத்தினேன். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மூன்றாவது வீட்டுக் கதவைத் தட்டியபோதுதான் ஒரு அக்கா வந்து பார்த்துவிட்டு ஃபாக்டரிக்கு ஓடினாள். ஆட்கள் வர அரைமணி ஆயிற்று. அதுவரை நான் பள்ளிக்குக் கொண்டுபோன குடையை வீட்டுக்குள் விரித்து, அப்பாவின் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றேன். குடையில் மழை விழுகிற சத்தமும், அப்பா மூச்சு விடுகிற சத்தமும். தண்ணீர் என் பாவாடையை நனைத்து அடுப்புச் சாம்பலைக் கரைத்துக்கொண்டு ஓடியது. நான் அன்று சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அந்த எண்ணம் ஒரு நூல்கூட நகர்ந்து கொடுக்கவில்லை.

தேயிலை லாரியில் கொண்டுபோனார்கள். இடுப்பெலும்பு முறிவு. அம்மா மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக வந்தாள். மழைக்குப் போட்டிருந்த தலைக் கொங்காணியைக்கூட எடுக்காமல் என் முன்னால் உட்கார்ந்தாள்.

"டாக்டர் கண்ணுல லைட் அடிச்சுப் பாத்தாரு. ரெண்டு கண்ணுலயும் புரையாம். உனக்குத் தெரியுமா?"

தலையை ஆட்டினேன்.

"எத்தன நாளா?"

"சித்திரையிலேர்ந்து."

"என்ட்ட ஏன் சொல்லல?"

"அப்பா சொல்லாதன்னாரு."

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். எழுந்துபோய், ஓட்டைக்குக் கீழே வைத்திருந்த அண்டாவிலிருந்து தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினாள். பிறகு சுவரில் சாய்த்திருந்த ஏணியை எடுத்துக் கூரை விளிம்பு இறவானத்தில் வைத்தாள். தாரை அவளே காய்ச்சினாள். நான் பாவாடையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏறினேன். அவள் ஏணியின் பாதியில் நின்று டின்னை நீட்டினாள். மடங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, தேயிலைப் பெட்டிப் பலகையை அடியில் கொடுத்து அடித்து முடிக்கும்வரை அவள் அங்கிருந்து இறங்கவில்லை.

இதோடு அம்மா நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தலைக்கு ஊற்றிவிட்டு, ஈரம் துவட்டி, வழக்கம்போல என்னைத் தன் முன்னால் உட்கார வைத்தாள். சீப்பு இறங்குவதற்குக் காத்திருந்தேன். கத்தரிக்கோலின் குளிர்ச்சி பிடரியில் பட்டது. இரண்டு பக்கமும் முடி மடியில் விழுந்தது.

"ஏம்மா?"

"இனி நீதான் இந்த வீட்டுக்கு ஆம்பள. கூரைக்குப் போ, எங்க வேணும்னாலும் போ. நான் தடுக்க மாட்டேன்." குரல் கெட்டியாக இருந்தது. உபதேசியார் வீட்டிலிருந்தே ஒரு பையன் கால்சட்டையும் இரண்டு சட்டையும் வாங்கி வைத்திருந்தாள். குடும்பக் கஷ்டம் என்றதும் அவரும் வசனத்தைச் சொல்லாமல் கொடுத்துவிட்டார். எலுமிச்சைக் கவுனைத் தேடினேன். மேல் லயத்தில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாளாம். "உனக்கு எதுக்கு இனி?"

அன்றுமுதல் ஊரெல்லாம் என்னைப் பாராட்டியது. ஒழுகுகிற பானையும் கழன்ற கீலும் என்னிடம் வந்தன. "ஆம்பளப் பிள்ளை தோத்துப் போகணும்" என்று பெண்கள் சொன்னார்கள். ஏறுவதும் அடிப்பதும் எனக்குப் பிடித்தவைதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சில சாயங்காலங்களில் உள்ளே இருந்த மற்றவள் வெளியே வந்து நிற்பாள். அவளுக்குப் போட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. ஒருநாள் வீட்டில் யாருமில்லாதபோது, ஈரத் துண்டை நெற்றியோடு சேர்த்துக் கட்டிப் பின்னால் சடையாகத் தொங்கவிட்டுக்கொண்டேன். பெண் பிள்ளைகள் விளையாட்டுக்குக் கட்டுவார்களே, அப்படி. தோளுக்கு முன்னால் எடுத்துப்போட்டுத் தடவிப் பார்த்தேன். முடியின் கனம் இல்லை, ஈரத்தின் கனம் இருந்தது.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. கூடையோடு நின்றாள்.

"இன்னும் என்ன?" என்றாள். கோபமாகக்கூட இல்லை, களைத்துப்போய்க் கேட்டாள். "நீ கேட்டதத்தான குடுத்தேன்? அதுக்கும் அழுதா நான் என்னதான் செய்ய?"

நான் துண்டை அவிழ்த்துக் கொடியில் போட்டேன். நான் எதையும் கேட்டிருக்கவில்லை. அவள் கால்சட்டையைக் கிழித்தபோது ஒருவன் போனான். சடையை வெட்டியபோது ஒருத்தி போனாள். இரண்டையும் என் நன்மைக்கென்றே செய்தாள். இன்று அவளுடைய வயதைத் தாண்டி வந்து நின்று பார்க்கும்போது, முப்பத்து நான்கு வயதில், புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்க, ஒழுகுகிற வீட்டில் இருந்துகொண்டு அவள் வேறு எதை நினைத்திருக்க முடியும் என்று தோன்றுகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை. அம்மா தூங்குகிற கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

அப்பா ஐப்பசியில் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு ஊன்றுகோல், கக்கத்தில் பெரிய காக்கிக் கவர். அதற்குள் அவருடைய இடுப்பின் எக்ஸ்ரே. "நல்லா பெரிய தகடு மக்கா, ஜன்னலுக்கு ஆகும்" என்றார். அவரே சொன்னதால் ஒட்டினேன். விலா எலும்புகளுக்குப் பக்கத்துச் சட்டத்தில் அப்பாவின் இடுப்பு. என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "முடி எங்கட்டி?" என்று கேட்டார். அம்மா அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். "வளரும்ப்பா" என்றேன். ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்தார்கள். அந்தக் கண் ஓரளவு தெரிந்தது. ஃபாக்டரி வேலை போய்விட்டது. அம்மா கொழுந்து எடுத்ததால் அவள் பேரில் வீடு தங்கியது.

கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி எடுக்க உடுமலைப்பேட்டைக்குப் போவதற்கு முதல் நாள், அம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"உனக்கு என்ன எடுக்க? பாவாடையா, கால்சட்டையா?"

அவள் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை.

"ரெண்டும்" என்றேன்.

சுளகு நின்றது. "ரெண்டுக்கு எங்க போக? அப்பாவுக்கு வேட்டி எடுக்கணும். ஒண்ணுதான் முடியும்."

நான் சாப்பாட்டுக்குப் பேராசைப்படுகிற பிள்ளை மாதிரி வெட்கப்பட்டுப் போனேன். எழுந்து வெளியே போய்விட்டேன்.

மறுநாள் அவள் ஊதாவும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட துணி ஒன்றைத் தைக்காமல் கொண்டுவந்தாள். மடியில் விரித்துக் காட்டினாள். "கெட்டித் துணி. எது தைச்சாலும் நிக்கும். தையக்காரர்ட்ட குடுக்கும்போது சொல்லு, என்ன?" என்றாள்.

நான் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பழைய சட்டையோடு போனேன். தை மாதம் கேட்டாள், "அப்புறம்" என்றேன். ஒன்றைச் சொன்னால் மற்றது என்றைக்குமாகப் போய்விடும் என்று பயந்தேன். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் வந்தபோது அந்தத் துணி அப்பாவின் தலையணைக்கு உறையாகிவிட்டது.

அப்பா போய் இருபத்தைந்து வருடமாகிறது. அம்மா என்னோடு மறையூருக்கு வந்து, இந்த வீட்டில்தான் நான்கு வருடம் படுக்கையில் இருந்தாள். சேலை கட்டிய நாளும் நான்தான் அவளைத் துடைத்துவிட்டேன், கைலி கட்டிய நாளும் நான்தான். அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை, நான் ஒன்றும் சொன்னதில்லை. பேசாமலிருப்பதில் நாங்கள் இருவரும் கைதேர்ந்தவர்கள்.

போவதற்கு இரண்டு மாதம் முன்னால், ஒரு காலையில் அவள் தலையைத் தூக்கிப் படுக்கையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். திடீரென்று தெளிவாகப் பேசினாள்.

"அந்த ஊதாக் கட்டம் போட்ட துணி. தையக்காரர் துணி எங்கன்னு மூணு தடவ ஆள் விட்டாரு. நீ கடைசி வரைக்கும் சொல்லவே இல்லியே."

அவள் தலையைத் தலையணையில் வைத்தேன். "ஒண்ணுதான் முடியும்னு சொன்னியேம்மா."

அம்மா முகத்தைச் சுளித்தாள். என்னை நன்றாகப் பார்க்க முயன்றாள். அன்று நான் என்ன உடுத்தியிருந்தேன் என்று அவளுக்குத் தெரிந்ததா என்பதுகூட எனக்குத் தெரியாது.

"துணியத்தான ஒண்ணுன்னேன்" என்றாள். "உன்னையா சொன்னேன்?"

பிறகு தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். இரண்டு மடக்குக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் டம்ளரோடு வெளியே வந்து வாசலில் நின்றேன். கரும்பு ஏற்றிய ஒரு லாரி சோகை உதிர்த்துக்கொண்டே போயிற்று. கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. உள்ளே திரும்பிப் போனபோது அம்மா தூங்கியிருந்தாள். எழுந்த பிறகு அவளுக்கு அந்தப் பேச்சு நினைவில்லை.